கீக்கும் கீக்கும் நடுவே: வீட்டு ஒலிப்பதிவுக்குக் கீபோர்டு வாங்குவது பற்றி ஒரு விமர்சனம்

வீட்டிலேயே பாட்டு பதிவு பண்ணணும்னு கிளம்புகிற பெரும்பாலானவர்கள் கீபோர்டு விஷயத்தில் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். எத்தனை கீ? எத்தனை டோன்? கடைக்காரருக்கு இந்த இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். அட்டைப்பெட்டி மேலேயே அச்சடிச்சிருக்கும். யூடியூப் விமர்சனங்களும் பெரும்பாலும் இதே பாதையில்தான் போகின்றன. பெட்டியைப் பிரிப்பார்கள், எண்ணிக் காட்டுவார்கள், நாலு கார்டு வாசிப்பார்கள், பேடைத் தட்டி ஒரு டிரம் போடுவார்கள், முடிந்தது.

அந்த இரண்டும் தப்பான கேள்விகள் இல்லை. ஆனால் சினிமா மெலடியோ, கர்நாடக ராகமோ, நாட்டுப்புற மெட்டோ போடுகிற ஆளுக்கு அவை மூணாவது, நாலாவது இடத்தில் வர வேண்டிய கேள்விகள். முதல் கேள்வி வேற: ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இந்தக் கருவி எப்படிப் போகும்? தாண்டிக் குதிக்குமா, இல்லை நடந்து போகுமா?

இது ஏதோ வித்வான்களின் நுணுக்கக் கவலை மாதிரி தெரியலாம். அப்படி இல்லை. கருவி எதைச் சுலபமாகக் கொடுக்குதோ, கை அதையேதான் தேடிப் போகும். ஆறு மாசம் நிமிர்ந்து நிற்கிற சுரங்களை மட்டுமே வாசித்த கை, ஏழாவது மாசம் அந்த மாதிரி மெட்டைத்தான் போடும். வாயால் முணுமுணுக்கும்போது வளைந்து குழைந்து வந்த மெட்டு, கீபோர்டில் வைத்ததும் விறைத்துப் போகிறது. நிறைய பேர் அதற்குத் தங்கள் கற்பனையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். பல சமயம் குறை வாங்கின பொருளில் இருக்கு.

கன்ட்ரோலர் என்ன அனுப்புகிறது

முதலில் ஒரு பிரிவினையைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடையில் 'கீபோர்டு' என்ற ஒரே பெயரில் மூணு வேற வேற பொருட்கள் இருக்கின்றன. ஸ்பீக்கர், தாளம், நூற்றுக்கணக்கான டோன் எல்லாம் உள்ளேயே இருக்கிற அரேஞ்சர் கீபோர்டு ஒன்று. ஒலியைத் தானே உருவாக்குகிற, அந்த ஒலியை உருட்டிப் பிசைய குமிழ்கள் இருக்கிற சிந்தசைசர் இரண்டாவது. சொந்தமாக ஒரு சத்தமும் இல்லாத மிடி கன்ட்ரோலர் மூணாவது.

மூணாவதைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். 'சத்தமே வராத கீபோர்டுக்கு இவ்வளவு விலையா?' என்கிறார்கள். அதைப் புரிஞ்சுக்க 1983-க்குப் போகணும். அந்த வருஷம் ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் கம்பெனியின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்று பேசியது. போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே பாஷையை ஒத்துக்கொண்டதால் அது நடந்தது. அந்தப் பாஷைதான் மிடி. அதற்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013-இல் டெக்னிகல் கிராமி கிடைத்தது.

மிடியில் ஒலி போவதில்லை. சேதிகள் போகின்றன. எந்தக் கீ, எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார். அழுத்திய வேகத்தைச் சொல்ல 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள். சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சேதிக்கோ 16,384 படிகள். காது சுருதியில் எவ்வளவு கறார் என்று அந்தப் பாஷையை உருவாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கு. படிகளை அங்கேதான் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து வாங்குகிறவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. ஒலியை எப்போது வேண்டுமானாலும் மாத்திக்கலாம். சர்ஜ் எக்ஸ்டி மாதிரி இலவசமாகவே நல்ல சிந்தசைசர் மென்பொருள் கிடைக்கிறது. ஆனால் கையில் படுகிற பாகங்களை, அதாவது கீ, சக்கரம், அழுத்த உணர்வு இவற்றை, டவுன்லோட் பண்ண முடியாது. கையில் இருக்கிற காசு கைக்குப் போகணும். டோன் எண்ணிக்கைக்குப் போகிற காசு, இன்னும் இரண்டு வருஷத்தில் ஓசியில் கிடைக்கப்போகிற பொருளுக்குப் போகிற காசு.

ஆர்மோனியத்தின் மேல் போட்ட வழக்கு

கீ வைத்த கருவிக்கும் நம்ம இசைக்கும் உள்ள சண்டை புதுசு இல்லை. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. தாகூரும் ஆர்மோனியத்துக்கு எதிராகத்தான் இருந்தார். வாதம் இதுதான்: ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கீயும் ஒரு சுரத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. நம்ம இசையோ சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் இருக்கிற இடத்தில்தான் உயிர் வாழ்கிறது. அந்தத் தடை தளர 1971 வரை ஆனது.

வாதம் சரி, தீர்ப்பு சரியில்லை என்பது என் எண்ணம். ஏன்னா அதே ஆர்மோனியம் தமிழ் நாடக மேடையில் பாடகர்களைத் தாங்கிப் பிடித்தது. வட இந்தியப் பாட்டுக் கச்சேரிகளில் இன்றைக்கும் பக்கவாத்தியமாக இருக்கு. வளைக்க முடியாத இடத்தில், பக்கத்துச் சுரத்தைச் சட்டென்று தொட்டுவிட்டு வந்து வளைவின் பிரமையை உண்டாக்கும் வித்தையை அதன் கலைஞர்கள் கண்டுபிடித்தார்கள். இன்னொன்று, நாம் சுருதி சொல்கிற வழக்கத்தைப் பாருங்கள். 'அவருக்கு ஒரு கட்டை, அம்மாவுக்கு அஞ்சரைக் கட்டை' என்கிறோம். அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கீதான். வானொலியிலிருந்து துரத்தினாலும் பேச்சிலிருந்து துரத்த முடியவில்லை.

ஆனாலும் ஆர்மோனியத்துக்கு இல்லாத ஒன்று இன்றைய கீபோர்டுக்கு உண்டு. கீகளின் இடது பக்கத்தில் இருக்கிற பிட்ச் பெண்ட் சக்கரம். 1940-இல் எழுப்பிய வாதத்துக்கு முழு பதில் இல்லை, பாதி பதிலாவது அங்கே இருக்கு. அந்தச் சக்கரம் இல்லாத, அல்லது பேருக்கு மட்டும் இருக்கிற கீபோர்டை வாங்கினால், கரண்டில் ஓடுகிற ஆர்மோனியம் வாங்கினதாகத்தான் அர்த்தம்.

இடது பக்கம் என்ன இருக்கு?

சின்ன கன்ட்ரோலர்களில் இடத்தை மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பது சக்கரத்தின் மேல்தான். பரவலாக விற்கிற அகாய் எம்பிகே மினியில் சக்கரத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவு ஒரு சின்ன ஜாய்ஸ்டிக். ஆர்டூரியா மினிலேப் 3, கீஸ்டெப் இவற்றில் விரலால் தடவுகிற பட்டை. எம்-ஆடியோ கீஸ்டேஷன் மாதிரி 49, 61 கீ கன்ட்ரோலர்களில் முழு அளவுச் சக்கரம்.

மூணும் அனுப்புவது ஒரே மிடி சேதிதான். கைக்கு மூணும் ஒன்றில்லை. சக்கரத்துக்குள் ஸ்பிரிங் இருப்பதால், எவ்வளவு வளைத்திருக்கிறோம் என்பதை விரல் எதிர்ப்பிலிருந்தே உணர்கிறது. விட்டால் நடுவுக்கு வந்துவிடும். சின்ன ஜாய்ஸ்டிக்கின் பயண தூரம் குறைவு, அதனால் கால் சுரம் வளைக்க நினைத்தால் அரைச் சுரம் போய்விடும். தடவுகிற பட்டையில் எதிர்ப்பே இல்லை. நடு எங்கே என்று விரலுக்குத் தெரியாது, காதை மட்டும் நம்பணும். எப்போதாவது ஒரு கிட்டார் மாதிரி இழுப்பு வேணும் என்பவருக்கு இது போதும். ஒவ்வொரு சுரத்திலும் கமகம் வேணும் என்பவருக்குப் போதாது.

இங்கே ஒரு அடிப்படை முரண் இருக்கு. மேற்கத்திய வாசிப்பில் வலது கை மெலடி, இடது கை கார்டு. சக்கரம் எப்போதாவது ஒரு அலங்காரம். அதனால்தான் அதை ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். நம்ம மெலடியில் இடது கையின் முழுநேர வேலையே சக்கரம். கர்நாடக இசையைக் கீபோர்டில் கச்சேரியாக வாசிக்கிற கே. சத்யநாராயணனின் கைகளைக் கவனித்தால் தெரியும். வலது கை வீணையின் மீட்டுக்கை மாதிரியும், இடது கை தந்தியை இழுக்கிற கை மாதிரியும் வேலை பிரித்துக்கொள்கின்றன.

அடுத்து வளைவின் அளவு. கன்ட்ரோலர் 'சக்கரம் இவ்வளவு திரும்பியிருக்கு' என்று மட்டும்தான் சொல்லும். அது எத்தனை சுரம் என்பதை ஒலி தருகிற மென்பொருள்தான் தீர்மானிக்கும். வழக்கமாக மேலே 2 அரைச்சுரம், கீழே 2 அரைச்சுரம் என்று வைத்திருப்பார்கள். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிற்கிற சுரமே இல்லை, சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையே அசைந்து அசைந்துதான் காந்தாரம் ஆகிறது. சாதாரண காந்தாரக் கீயை அழுத்தினால் ரிஷபம் கீழே 2 அரைச்சுரம், மத்யமம் மேலே 2 அரைச்சுரம். கம்பெனி வைத்துக் கொடுத்த அளவே சரியாகப் பொருந்துகிறது!

ஆனால் மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு இறங்கணும்னா 5 அரைச்சுரம் வேணும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறணும்னா 7. சரி, 12 என்று வைத்துவிட்டால் எல்லாம் ஆச்சே என்று தோணும். ஆகாது. சக்கரத்தின் பயணம் அதே நீளம்தான். 12-க்கு வைத்தால் தோடி காந்தாரத்துக்கு மேலும் கீழும் ஆறில் ஒரு பங்கு தூரம்தான் மிச்சம். விரல் நடுக்கம்கூட அபஸ்வரமாகக் கேட்கும். கம்பிதத்துக்கு 2 அல்லது 3, ஜாருவுக்கு 5 அல்லது 7 என்று ஒரே ஒலியை இரண்டாகச் சேமித்து வைத்துக்கொள்வதுதான் நடைமுறை வழி. சக்கரம் பெரிசாக இருந்தால் இந்தச் சமரசம் கொஞ்சம் லேசாகும்.

ஒரு மீட்டு, நாலு சுரம்

வளைவு மட்டும் போதாது. வீணையில் ஒரு தடவை மீட்டிவிட்டுத் தந்தியை இழுத்தோ விரலை நகர்த்தியோ இரண்டு மூன்று சுரங்களைப் பேசவைக்கலாம். கீபோர்டில் 'வீணை' என்று ஒரு டோனைத் தேர்ந்து நாலு கீ அழுத்தினால் நாலு மீட்டு விழும். ஒலி அசல் வீணையிலிருந்தே பதிவு செய்ததாக இருக்கலாம். பேசுவது வீணைப் பேச்சாக இருக்காது.

இதற்கு மருந்து மென்பொருளில் இருக்கு. மோனோ லெகாட்டோ என்ற அமைப்பைப் போட்டால், முதல் கீயை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது புது மீட்டு விழாது, சுரம் மட்டும் மாறும். போர்ட்டமென்டோ போட்டால் வழுக்கிக்கொண்டு மாறும். ஆனால் போர்ட்டமென்டோ ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் வழுக்கும். எங்கே தயங்கணும், எங்கே விரையணும் என்பது அதற்குத் தெரியாது. அதனால் சக்கரமும் லெகாட்டோவும் சேர்ந்தால்தான் வாக்கியம் முழுசாகும்.

மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். ரோலண்டின் ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம், இவ்வளவுதான் கருவிகள். மிடி வருவதற்கு முன்னால். அந்த டிபி-303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகிற வசதி உண்டு. வந்த காலத்தில் கவனிக்கப்படாத அந்தத் தட்டு, 2010-இல் மறுபடி வெளியானபோது உலகம் முழுக்க ஆசிட் ஹவுஸ் ரசிகர்களைத் திகைக்க வைத்தது. காரணம் பல இருக்கலாம். என் காதுக்கு முக்கியமானது, ராகத்துக்குக் கருவி கொடுத்த வழுக்கல்தான்.

சரி, எத்தனை கீ?

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். பாட்டுக்காரர்களின் வழக்கமான எல்லை மந்த்ர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை. சரியாக இரண்டு ஸ்தாயி. 25 கீ கன்ட்ரோலரும் இரண்டு ஸ்தாயிதான், வழக்கமாக ஸி-யில் ஆரம்பித்து ஸி-யில் முடியும். ஆனால் ஒரு கட்டையில், அதாவது ஸி-யை ஷட்ஜமாக வைத்து வாசித்தால், மந்த்ர பஞ்சமம் இடது பக்கம் வெளியே போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஆக்டேவ் பட்டனைத் தேடணும். அதுவும் சக்கரத்தில் இருக்கிற அதே இடது கையால்!

இதற்கு ஒரு சின்ன உபாயம். நாலு கட்டை, அதாவது எஃப் கீயை ஷட்ஜமாக வைத்து விரல் பழகுங்கள். இப்போது முதல் ஸி மந்த்ர பஞ்சமம், கடைசி ஸி தார பஞ்சமம். 25 கீயில் பாட்டின் முழு எல்லையும் அடங்கிவிடும். பாடுபவரின் சுருதிக்கு டிரான்ஸ்போஸ் போட்டுக்கொள்ளலாம். இடம், காசு இரண்டும் குறைவு என்றால் இதுவே போதும்.

ஆனால் மினி கீ வேற விஷயம். முழு அளவு கீபோர்டில் ஒரு ஸ்தாயியின் அகலம் சுமார் 16.5 செ.மீ. மினி கீயில் அதைவிடக் குறுகல். அதிலேயே பழகிய விரல், மேடையில் முழு அளவு கீபோர்டு முன் நின்றால் தடுமாறும். காசு அனுமதித்தால் முழு அளவுக் கீகளோடு 49 என்பது வீட்டு மேசைக்கும் கைக்கும் நல்ல சமரசம். இரண்டு கையும் வாசிக்கிறவருக்கு 61. சுத்தியல் கனம் கொண்ட 88 கீ, பியானோ கற்கிறவருக்கு. அதில் ஜண்டை வரிசை மாதிரி ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவது லேசான ஸ்பிரிங் கீயில் இருக்கிற அளவு சுலபம் இல்லை.

இதோடு ஆஃப்டர்டச் இருக்கா என்று பாருங்கள். கீயை அழுத்திய பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கருவி அதை உணருவது. நாதஸ்வரத்திலும் வயலினிலும் சுரம் பிறந்த பிறகும் மூச்சோ வில்லோ அதை வளர்க்கிறது. கீபோர்டில் அந்த வேலையை ஆஃப்டர்டச் ஓரளவு செய்யும். விலை குறைந்த கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் இருக்காது. கீஸ்டெப்பில் உண்டு, ஆனால் அங்கே சக்கரம் இல்லை, பட்டைதான். எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஆஃப்டர்டச் இல்லாத கன்ட்ரோலரில் எக்ஸ்பிரஷன் பெடல் செருகத் துளை இருந்தால் காலால் ஒலியை ஏற்றி இறக்கலாம். கை இரண்டும் வேலையாக இருக்கும்போது கால் சும்மாதானே இருக்கு.

'இந்திய டோன்' என்ற வாக்குறுதி

யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசை, பெயர் 'ஐஎன்' என்று முடிகிற கேசியோ மாடல்கள், ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 எல்லாம் இந்திய ஒலிகளைச் சொல்லி விற்கப்படுபவை. தம்பூரா, தபலா, ஷெனாய், சிதார் எல்லாம் உள்ளே உண்டு. இவற்றை மட்டம் தட்டுவது நியாயம் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடும். கல்யாண மேடையிலும் சர்ச்சிலும் லைட் மியூசிக் குழுவிலும் தூக்கிக்கொண்டு போய் உடனே வாசிக்கலாம். யூஎஸ்பி துளை இருந்தால் வீட்டில் கன்ட்ரோலராகவும் பயன்படும். ஏற்கனவே வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், புதுசாக எதுவும் வாங்காமல் அதையே கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

என் குறை 'இந்திய' என்ற சொல்லைப் பயன்படுத்துகிற விதத்தில்தான். கருவியின் ஒலியைப் பதிவு செய்து உள்ளே வைத்தால் அது இந்தியக் கீபோர்டு ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. நாதஸ்வர டோனில் சக்கரத்தைத் தொடாமல் வாசித்தால் வருவது நாதஸ்வரம் இல்லை, நாதஸ்வர வேஷம் போட்ட ஆர்மோனியம். வெறும் சைன் அலையை வைத்துக்கொண்டு சக்கரத்தில் ஒழுங்காகக் கமகம் பிடித்தால், கேட்கிறவருக்கு ராகம் உடனே தெரியும். ராகத்தின் அடையாளம் அசைவில் இருக்கு. டோன் அதற்கு உடுத்துகிற துணி.

மைக்ரோடியூனிங் பற்றியும் இதே மாதிரிதான் சொல்லணும். சம இடைவெளி முறையில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் தூரம். தம்பூராவின் கார்வையில் தானாகக் கேட்கிற காந்தாரம் 386 சென்ட். அந்த 14 சென்ட் வித்தியாசம், தம்பூரா ஓடும்போது நீளமாக நிறுத்தின காந்தாரத்தில் லேசாக உறுத்தும். கோர்க் மோனோலாக், மினிலாக் எக்ஸ்டி சிந்தசைசர்களிலும், சர்ஜ் எக்ஸ்டி மென்பொருளிலும் இதைச் சரிசெய்ய முடியும். செய்தால் நல்லதுதான். ஆனால் மைக்ரோடியூனிங் நிற்கிற சுரத்தைத்தான் திருத்தும், நடக்கிற சுரத்தை அதனால் ஒன்றும் பண்ண முடியாது. '22 ஸ்ருதி' என்று விளம்பரம் பார்த்தால் மயங்க வேண்டாம். முதலில் சக்கரம், பிறகு ஸ்ருதிக் கணக்கு.

வசதி இருந்தால்

சாதாரண மிடியில் ஒரு சானலுக்கு ஒரு வளைவுதான். ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு மேல் சுரத்தை மட்டும் வளைக்க முடியாது, எல்லாம் சேர்ந்து வளையும். 2018-இல் அதிகாரபூர்வமான எம்பிஇ முறை இதற்கு விடை. 16 சானலில் ஒன்றைப் பொதுவுக்கு வைத்துவிட்டு, மிச்ச 15-ஐயும் விரலுக்கு ஒன்றாகக் கொடுக்கிறது. ரோலி சீபோர்டு, ரோஜர் லின்னின் லின்ஸ்ட்ரூமென்ட், கீயையே பக்கவாட்டில் ஆட்டி வளைக்கிற ஆஸ்மோஸ் எல்லாம் இந்த வகை. ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் வாசிக்கிற கன்டினுவம் இந்த முறைக்கும் முன்னாலேயே வந்தது. அதில் கீயே கிடையாது, ஒரு நீளமான பரப்பில் விரல் வழுக்கிப் போகும். நம்ம இசைக்கு இவை கீபோர்டைவிட இயல்பாகப் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விலை, ஆரம்பிக்கிறவரின் பட்ஜெட்டைப் பல மடங்கு தாண்டும். ஒரு தனி மெலடிக்கு ஒரு சானலும் நல்ல சக்கரமும் போதும். கார்டைத் தனி டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து வளையாது.

கடையில் ஐந்து நிமிஷம்

போனில் ஒரு சுருதி ஆப், ஒரு இலவச சிந்த் ஆப், ஒரு ஓடிஜி இணைப்பான், வயர் ஹெட்போன். இவ்வளவும் எடுத்துக்கொண்டு போங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டாம், அதன் தாமதம் கருவியின் மேல் தப்பான அபிப்பிராயம் தரும். வீட்டில் பதிவு பண்ணும்போதும் இதை ஞாபகம் வைக்கணும். ஆடியோ பஃபர் 512 சாம்பிள் என்றால், 44,100 வேகத்தில் அதுவே 11.6 மில்லிசெகண்ட் தாமதம். 128-க்குக் குறைத்தால் 2.9. காதும் கையும் ஒத்துப்போகாவிட்டால் எந்தச் சக்கரமும் உதவாது.

சுருதியை ஓடவிட்டு ஷட்ஜத்தை அழுத்துங்கள். சக்கரத்தை மெதுவாக மேலே தள்ளி ரிஷபத்தில் நிறுத்துங்கள். நிற்கிறதா? விட்டால் சரியாக ஷட்ஜத்துக்கு வருகிறதா, இல்லை ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறதா? காந்தாரத்தில் மெதுவாக, பிறகு வேகமாக அசையுங்கள். ஸ்பிரிங் கிறீச்சிடுகிறதா? அடுத்து ஒரே கீயைப் பத்து தடவை மெதுவாகத் தட்டுங்கள். பத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வரணும். கடைசியாக, உங்களுக்கு மனப்பாடமான ஒரு மெலடியை, பாடுகிற மாதிரி வாசித்துப் பாருங்கள். பாடும்போது வருகிற வளைவில் பாதியாவது வந்தால் அந்தக் கருவியைப் பரிசீலிக்கலாம்.

தாளம் அமைக்கிறவர், கார்டு போட்டுப் பாட்டுக்கு அடித்தளம் கட்டுகிறவர், மெலடியைப் பாடகரிடமோ வயலின்காரரிடமோ விட்டுவிடுகிறவர், இவர்களுக்கு மேலே சொன்ன பாதி கவலை கிடையாது. அவர்களுக்கு 25 மினி கீயும் எட்டு பேடும் தாராளம். சொல்லப்போனால், நல்ல மைக் ஒன்று வாங்கி மெட்டை வாயால் பாடிப் பதிவு பண்ணுவது பல சமயம் எந்தக் கீபோர்டையும்விட நல்ல வழி.

ஆனால் மெட்டு உங்கள் விரலிலிருந்து வரணும் என்றால், வரிசை இதுதான்: சக்கரம், கீயின் அளவு, கீ எண்ணிக்கை, ஆஃப்டர்டச் அல்லது பெடல், கடைசியாக டோன். பதிவு செய்த பிறகு மவுஸால் கோடு கிழித்தும் கமகம் போட முடியும், நானும் போடுவதுண்டு. நாலு சுரத்துக்கு அரை மணி நேரம் ஆகும், அப்போதும் ஒவ்வொரு அசைவும் ஒரே அளவில் வந்து நிற்கும். அந்த அரை மணி நேரத்தைத் தினமும் சக்கரத்தில் செலவழித்தால் மூணு மாசத்தில் இடது கை பழகிவிடும். பிறகு அடுத்த பாட்டுக்குக் கோடு கிழிக்க வேண்டியிருக்காது.